தாயின் பல்

மாட்டுச் சந்தையில் நல்ல தரகர் மாட்டுக்காரனிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டார். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மாட்டுக்காரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் பல் சொன்னதுதான் கணக்கு. திருச்சி ஆய்வகத்தில் இருந்த அந்த இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்தது. அதைச் செய்தவர்கள் முழ நீளத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆய்வகத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. தரகர் என்றே எல்லாரும் சொன்னார்கள்.

மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் என்றால், வளர்கிற பல்லுக்கு நாளுக்கு ஒரு கோடு. பால் குடித்த நாள், பட்டினி கிடந்த நாள், காய்ச்சலில் சுருண்ட நாள் எல்லாம் அதில் பதிந்துவிடும். பழைய கருவிகள் அந்தக் கோடுகளை எண்ண மட்டும் செய்தன. தரகர் அவற்றைப் படித்தார். பல்லை வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவி உள்ளே வைத்தால், அதற்குச் சொந்தமான உயிர் எப்போது தின்றது, எப்போது தின்னவில்லை என்பது திரையில் வரிசையாக ஓடும். போன வருஷத்துப் பல் ஆனாலும் ஆறு கோடி வருஷத்துப் பல் ஆனாலும் அவருக்கு ஒன்றுதான்.

தரகரை வரவழைத்தவள் மங்கையர்க்கரசி, எல்லாருக்கும் அரசி. தொல்லுயிர் ஆய்வாளர், ஐம்பதை நெருங்குகிறவள், சட்டென்று கோபம் வரும், அதே வேகத்தில் போய்விடும். புலி, பூனை, நாய், கரடி எல்லாம் ஒரே குடும்பம் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் குடும்பத்தின் மூத்த தாத்தனைத் தேடுவதுதான் அவளுடைய வாழ்நாள் வேலை. டைனோசர்கள் ஒழிந்து உலகம் காலி வீடாகக் கிடந்தபோது மரத்திலும் புதரிலும் பதுங்கி வாழ்ந்த, கீரி அளவே இருந்த பிராணி அது. இறைச்சியைக் கத்திரிக்கோல் போல நறுக்குகிற ஒரு ஜோடிப் பற்கள்தான் அந்தக் குடும்பத்தின் அடையாளம். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்தக் கத்திரிப் பல் எப்போது வந்தது என்று தெரிந்தால் புலியின் கதை எங்கே தொடங்கியது என்று தெரியும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முழு எலும்புக்கூடு யாருக்கும் கிடைப்பதில்லை. சல்லடையில் மண்ணை அலசி அலசி, கடைசியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒற்றைப் பல் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு தாடையைக் கட்டி, தலையைக் கட்டி, வாலைக் கட்டி, அது எங்கே தூங்கியது என்பது வரை சொல்லிவிடுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை இவர்களைப் போல நம்பியவர்கள் எந்தச் சமையற்கட்டிலும் இல்லை. இன்னொரு பல்லைக் கேட்கிற பழக்கமே அரசிக்குக் கிடையாது. கேட்டால் யார் தரப்போகிறார்கள்?

இந்தப் பழக்கத்தோடுதான் அவள் நீதிமன்றத்துக்குப் போனாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய வழக்கு. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி ஓட்டும் ஒருவனின் மனைவி கொளஞ்சி. ஐந்து மாதக் கைக்குழந்தை மித்ரன் எலும்பும் தோலுமாக இறந்துபோனான். பிரசவத்துக்குப் பிறகு அவள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள் என்றும், பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் கொன்றுவிட்டாள் என்றும் புருஷன் வீட்டார் புகார் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அதனால் தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுக்க முடிந்தது. ஈறுக்குள் இன்னும் முளைக்காமல் இருந்த ஒரு பல் தரகரிடம் வந்தது.

தரகர் சொன்னது தெளிவாக இருந்தது. பிறந்ததிலிருந்து பட்டினி. பால் குடித்த பிள்ளையின் பல்லில் இருக்கவேண்டிய தடம் மெலிந்து மெலிந்து போயிருந்தது. நடுவில் கொஞ்ச நாள் மட்டும் நல்ல கோடுகள். அது பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றிய நாட்கள் என்று அரசு வக்கீல் கண்டுபிடித்தார். தாயிடமிருந்து பிரித்தபோது தேறியிருக்கிறது, தாயிடம் திரும்பியதும் மறுபடி பட்டினி. இதற்குமேல் என்ன வேண்டும்? பல் பொய் சொல்லுமா என்று நீதிபதி கேட்டபோது, சொல்லாது என்று அரசி பதில் சொன்னாள். கூண்டில் நின்ற பெண் அப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். ஆயுள் தண்டனை விழுந்தது. பத்திரிகைகள் அரசியின் படத்தைப் போட்டன. அவளுக்கு அதில் பெருமைதான். ஒரு பச்சைப் பிள்ளைக்கு நியாயம் வாங்கிக் கொடுத்ததாக நினைத்தாள்.

*

அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரி ஒன்றில், பாறைக்கு மேலே படிந்திருந்த களிமண்ணில் எலும்புகள் தெரிகின்றன என்று தகவல் வந்தது இந்த வருஷம் மாசியில். அரசி அங்கே போய்ப் பார்த்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆயுளில் பார்த்திராதது அங்கே இருந்தது. ஒரு வளை, அதற்குள் ஒரு தாய்ப் பிராணி, அதன் வயிற்றோரம் இரண்டு குட்டிகள். ஆற்று வெள்ளம் வளைக்குள் சேறாக இறங்கி மூன்றையும் அப்படியே மூடிவிட்டிருந்தது. மூன்று வாயிலும் கத்திரிப் பற்கள். புலி வம்சத்தின் மூத்த வீடு ஒன்று கதவைச் சாத்தியபடி ஆறு கோடி வருஷம் காத்திருந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

முதல் குட்டியின் பல்லைத் தரகர் படித்தார். கொழுகொழுவென்று வளர்ந்த குட்டி. இரண்டாவது குட்டியின் பல்லை வைத்தபோது, இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் பெலிக்ஸ் திரையைப் பார்த்துவிட்டு அதை இன்னொரு தடவை ஓடவிட்டான்.

"மேடம், இத நாம முன்னாடியே பாத்திருக்கோம்" என்றான் கடைசியில்.

பிறந்ததிலிருந்து பட்டினி. மெலிந்து மெலிந்து போகும் பாலின் தடம். பெலிக்ஸ் பழைய பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். குவாரிக் குட்டியும் கொளஞ்சியின் பிள்ளையும் ஒரே அச்சு.

இரண்டு குட்டியில் ஒன்றை ஒதுக்கிவைக்கிற தாய் உண்டு. பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அரசியும் அதைத்தான் சொன்னாள். சவலையை ஒதுக்கியிருக்கும், அவ்வளவுதான் என்றாள். ஆனால் இந்த முறை தாயும் அங்கேயே இருந்தது. கேட்காமலே கிடைத்த இரண்டாவது பல். வளர்ந்து முடிந்த பல்லிலும் வேரின் மேல் பூச்சு படிந்துகொண்டே இருக்கும், சினையும் பால்சுரப்பும் அதில் தெரியும் என்பது பழைய விஷயம். அந்தப் பூச்சையும் தரகரிடம் வைத்தார்கள்.

தாய் தன் எலும்பைக் கரைத்துப் பால் கொடுத்திருந்தது. ஒரு குட்டிக்கான பால் அல்ல, இரண்டுக்கும். அந்தச் சவலை பட்டினி கிடந்ததாகப் பல் சொன்ன அத்தனை நாளும், தாயின் உடம்பிலிருந்து பால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்ப பால் எங்க மேடம் போச்சு?" என்று பெலிக்ஸ் கேட்டான்.

அதற்கும் பதில் குட்டியின் பல்லிலேயே இருந்தது. கடைசிப் பகுதியில் கோடுகள் திடீரென்று திருந்தியிருந்தன. கத்திரிப் பல் ஈறைக் கிழித்து வெளியே வந்த சமயம் அது. பல் வந்தது, தாய் கொண்டுவந்த இரையை நறுக்கித் தின்றது, பாலை விட்டது. விட்டதும் தேறிவிட்டது.

அரசி மித்ரனின் பழைய பதிவை மறுபடி பார்த்தாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பெலிக்ஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

*

கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த நசீமா இப்போது குழந்தை மருத்துவர். அரசி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினாள். நசீமா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, பாலில் இருக்கிற சர்க்கரை சில பிள்ளைகளின் குடலுக்குள் நுழையவே நுழையாது என்றாள். லட்சத்தில் ஒன்றுக்கு வரும் குறை. பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கும், உடம்பில் ஒட்டாது, வயிற்றாலே போய்விடும். சில பிள்ளைகள் ஒரே வாரத்தில் போய்விடும், சில பிள்ளைகள் மாதக் கணக்கில் உருகும்.

"வைத்தியம்?" என்று அரசி கேட்டாள்.

"பால நிறுத்தணும். தாய்ப்பாலயும் சேத்துத்தான். வேற மாவு இருக்கு, அதக் கொடுத்தா பிள்ள ரெண்டு வாரத்துல தேறிடும்" என்றாள் நசீமா. "ஆனா நாங்க எல்லாத் தாய்க்கும் என்னடி சொல்லி அனுப்பறோம்? ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடு, நல்லாக் குடு. அவ கிட்டயும் அதத்தான் சொல்லியிருப்பாங்க."

ஆஸ்பத்திரியில் அவன் ஏன் தேறினான் என்பது அரசிக்கு அப்போது புரிந்தது. அங்கே அவனுக்குப் பால் இல்லை.

ஆறு கோடி வருஷத்துக்கு முன் செத்த, கீரி அளவுக் குட்டி ஒன்றின் தாயைக்கூட விசாரித்தாகிவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் உயிரோடு, வாய் நிறையப் பல்லோடு, கூப்பிடு தூரத்தில் ஒரு தாய் நின்றாள். அவளுடைய பல்லையும் பார்த்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வக்கீல்களுக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. தனக்குத் தோன்றாமல் போனதை அரசியால் பொறுக்க முடியவில்லை. ஒற்றைப் பல்லை வைத்து உலகத்தைக் கட்டுகிற தொழில் தன் மூளையில் பாதியை மரத்துப்போகச் செய்துவிட்டது என்று நினைத்தாள். அன்றைக்கு நசீமாவின் வீட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

*

பெண்கள் சிறையில் கொளஞ்சியைப் பார்த்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பதை நம்ப முடியவில்லை. அவள் அரசியை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று அரசி எதிர்பார்த்து வந்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். கொளஞ்சியோ எழுந்து நின்று கும்பிட்டாள்.

ஒரு பல் வேண்டும் என்று அரசி சொன்னாள். பழைய கேஸில் தப்பு நடந்திருக்கலாம், அதைச் சரிபார்க்க வேண்டும் என்றாள். கொளஞ்சிக்கு அது விளங்கவில்லை.

"தப்பா? நீங்கதானம்மா பல்லு பொய் சொல்லாதுன்னீங்க" என்றாள். "மொதல்ல நானும் குடுத்தேன் குடுத்தேன்னுதான் சொல்லிட்டிருந்தேன். அப்பறம் நீங்க வந்து சொன்னீங்க. பிரசவத்துக்கப்பறம் எனக்குப் புத்தி சரியா இல்லீங்கம்மா. பாதி நாளு எனக்கு ஞாபகத்துலயே இல்ல. குடுத்ததா நெனச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்போல. படிச்சவங்க சொன்னா அதுல ஒண்ணு இருக்கும்ல?"

தண்டனை வாங்கிக் கொடுத்ததைவிட இது பெரிய பாவமாக அரசிக்குத் தெரிந்தது. பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்த ஞாபகத்தை அவளிடமிருந்து பிடுங்கி, அந்த இடத்தில் தரகரின் கோடுகளை வைத்திருக்கிறாள். மூன்று வருஷமாக அந்தப் பெண் அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஞானப்பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பதாகவும், எடுத்துக்கொள்ளலாம் என்றும் கொளஞ்சி சொன்னாள். சிறையில் பல் பார்க்க வரும் மருத்துவர் எடுத்துக் கொடுத்தார்.

தரகர் படித்தார். மித்ரன் இருந்த அத்தனை மாதமும் பால். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்ன நாட்களிலும் பால். அவளுடைய வேர்ப்பூச்சில் இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலம் முழுக்க அவளே அரைப்பட்டினி. அந்த வீட்டில் அவளுக்குச் சோறு போட்டவர்கள் யார் என்று தரகருக்குத் தெரியாது.

கொளஞ்சிக்காக வாதாட வந்த வக்கீல் துள்ளிக் குதித்தார். இது போதும், மேல்முறையீட்டு மனுவில் கொளஞ்சி கையெழுத்துப் போட்டால் சில மாதத்தில் வெளியே வந்துவிடலாம் என்றார். ஆனால் பால் கொடுத்தாள் என்றால் பிள்ளை ஏன் பட்டினியில் செத்தது என்ற கேள்வி வரும், அந்த நோயைப் பற்றி நீதிமன்றத்தில் விவரமாகச் சொல்லவேண்டும், நசீமாவும் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்றார். அப்போதுதான் அரசிக்கு உறைத்தது. நாலு பேர் நடுவில், மைக் வைத்து, அந்தத் தாய் காதில் அது விழும். அதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். அந்தக் கடனாவது தனக்கு இருக்கிறது.

*

இரண்டாம் முறை போனபோது மனுவையும் பேனாவையும் மேஜைமேல் வைத்துவிட்டு, நல்லதை முதலில் சொன்னாள்.

"நீங்க பால் குடுத்திருக்கீங்க, கொளஞ்சி. ஒரு நாள்கூட விடல. உங்க பல்லுல அப்படியே இருக்கு. தப்பு என்மேலதான். உங்க பல்லையும் அன்னிக்கே நான் பாத்திருக்கணும்."

கொளஞ்சி வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை. காவலுக்கு நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "குடுத்தேனா? நெசமாவே குடுத்தேனா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தாயின் களை வந்தது. அரசிக்கு அங்கேயே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"அப்ப ஏம்மா புள்ள எளச்சுப் போனான்?"

குவாரியில் கிடைத்த குட்டியின் கதையிலிருந்து ஆரம்பித்தாள் அரசி. நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. தாய்க்கு இரண்டு குட்டி, ஒன்று சவலை, தாய் இரண்டுக்கும்தான் கொடுத்தது, ஆனால் குடித்தது அந்தச் சவலையின் உடம்பில் ஒட்டவில்லை, அப்படி ஒரு நோய் இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கும் அது இருந்தது என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். எந்தப் பாலை நிறுத்தியிருக்கவேண்டும் என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

கொளஞ்சி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில நல்லா ஆனானே. அங்க எங்கிட்ட விடவே இல்ல, பாட்டிலத்தான் ஏத்துனாங்க. கண்ண முழிச்சுச் சிரிச்சான். வீட்டுக்கு வந்ததும், பால் கட்டிக் கெடந்துச்சா, புள்ள எளச்சிருக்கானேன்னு ஓயாமக் குடுத்தேன்." நிறுத்தினாள். "அது எம்பாலுதானாம்மா?"

அரசி இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் நீதிமன்றத்தில் வேறு வார்த்தை வரும். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அழுகையை எதிர்பார்த்தாள். வரவில்லை. கொளஞ்சி மனுவை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, அரசியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இது வேணாம்மா."

வெளியே வரலாம், உங்கள்மேல் தப்பே இல்லை என்று ஊருக்கே தெரியும், யாருக்கும் தெரிந்திருக்க முடியாத நோய் அது என்று அரசி என்னென்னவோ சொன்னாள். கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும். கொளஞ்சி முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"குடுக்காம செத்தான்னா, அதுக்கு ஜெயிலு இருக்கும்மா. இருந்து கழிச்சுருவேன். குடுத்துக் குடுத்துச் செத்தான்னு எல்லாரு முன்னாடியும் படிச்சா, அதுக்கப்பறம் வெளிய வந்து நா எங்க போவேன்? பழசே இருக்கட்டும். நாங் குடுக்கலன்னே இருக்கட்டும்."

பார்வை நேரம் முடிந்ததென்று காவலர் வந்து நின்றார். கொளஞ்சி எழுந்தாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"அந்தத் தாய்க்குத் தெரியுமா?"

அரசிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. குவாரியில் கிடந்ததைக் கேட்கிறாள்.

"தெரியாதும்மா. அது பாட்டுக்குக் குட்டி பால விடற வரைக்கும் குடுத்துக்கிட்டே இருந்திருக்கு."

"குடுத்து வச்சவ" என்றாள் கொளஞ்சி.

கதவு சாத்தப்பட்ட பிறகும் அரசி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆளுக்கு இடம் வேண்டும் என்று காவலர் சொன்ன பிறகுதான் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.